கல்லீரலில் அணைந்த விளக்குகள்

2000ஆம் ஆண்டு மார்ச் மாதம். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் ஒரு பெண்மணிக்கு இரைப்பையில் தொடங்கிய கட்டி கல்லீரலில் பல இடங்களுக்குப் பரவியிருந்தது. அறுவைச் சிகிச்சை, கீமோ எல்லாம் பார்த்தாயிற்று. டாக்டர் ஹெய்க்கி யோயன்சூவின் குழு அவருக்குக் கொடுத்தது, ரத்தப் புற்றுநோய்க்காக அப்போது சோதனையில் இருந்த இமாடினிப் என்ற மருந்து. வாய்வழி விழுங்குவதுதான். ஒரு மாதம் கழித்து எடுத்த பெட் ஸ்கேனில், முன்பு கல்லீரலில் விளக்குப்போல ஒளிர்ந்த கட்டிப் புள்ளிகளைக் காணோம்!

அவருக்கு வந்திருந்தது 'ஜிஸ்ட்'. இரைப்பை, குடல் சுவரில் முளைக்கும் கட்டி. குடலின் ரத்தம் முதலில் போய்ச் சேருமிடம் கல்லீரல். கட்டியிலிருந்து பிரிந்த செல்களும் அந்த வழியே போய் அங்கேயே தங்கிவிடுகின்றன. அதற்காக அது கல்லீரல் புற்றுநோய் ஆகிவிடாது. எங்கே குடியேறினாலும் பிறந்த வீட்டுக் குணம் போவதில்லை. மருந்தும் அந்தக் குணம் பார்த்தே தரப்படுகிறது.

அது என்ன குணம்? 1998இல் ஜப்பானின் ஹிரோட்டா குழு கண்டுபிடித்தது. செல்லின் மேலுள்ள 'கிட்' புரதம், வெளியிலிருந்து தகவல் வந்தால்தான் "பெருகு" என்று உத்தரவிடும். பெரும்பாலான ஜிஸ்ட் கட்டிகளில் மரபணுப் பிழையால் தகவல் வராமலே உத்தரவு போய்க்கொண்டிருக்கிறது. உத்தரவு கிளம்ப, புரதத்தின் ஒரு குழியில், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு வந்து உட்கார வேண்டும். இமாடினிப் முந்திக்கொண்டு அங்கே இடம் பிடித்துவிடுகிறது, பஸ் ஜன்னல் வழியே துண்டு போடுவதுபோல.

ஹெல்சிங்கிப் பெண்மணிக்குக் கிடைத்த பலன் எல்லாருக்கும் கிடைக்காது. பிழை மரபணுவின் எந்தப் பகுதியில் என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். ஆகவே பயாப்ஸியோடு மரபணுப் பரிசோதனையும் தேவை. சில ஆண்டுகளில் கட்டி புதுப் பிழையோடு தலைதூக்குவதும் உண்டு. அப்போது சுனிடினிப், ரெகோராஃபெனிப் என்று அடுத்த மருந்துகள்.

விலையையும் சொல்ல வேண்டும். நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளிவெக் என்ற பெயரில் விற்ற இமாடினிப், இந்தியாவில் மாதம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதற்கான காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் நிராகரித்தது நம் சென்னை காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நோவார்ட்டிஸின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. காப்புரிமைத் தடை இல்லாததால் உள்நாட்டு நிறுவனங்களின் இமாடினிப் சுமார் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. ஆய்வகக் கண்டுபிடிப்புக்குச் சற்றும் குறையாத சாதனை என்றே இதைச் சொல்வேன்.

ஸ்கேன் நன்றாக வந்துவிட்டதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரான்சில் மருத்துவர் கண்காணிப்பிலேயே நிறுத்திப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குக் கட்டி மீண்டும் வளர்ந்தது.