பூனைக்குட்டிகளின் நிறமும் பாரம்பரியமும்

பிறந்த அன்று சாம்பல் பூத்தாற்போல் தோன்றிய பூனைக்குட்டி சில திங்களில் கருநிறம் பெற்றுவிடுவதுண்டு. வெள்ளையாகப் பிறந்த குட்டிக்கு முகமும் வாலும் மட்டும் கறுத்துவிடுவதும் உண்டு. உயர் இனப் பூனைகளை வளர்ப்போர், இங்ஙனம் மாறும் இயல்புடைய நிறத்தை வம்சாவளிப் பதிவேட்டில் குறிக்க வேண்டியவராவர். அதில் நேரும் பிழை ஒரு குட்டியோடு நின்றுவிடுவதில்லை. அதன் சந்ததியில் எதிர்பாராத நிறம் தோன்றும்பொழுது, நேர்மையான வளர்ப்பாளர்மீதும் பொய்ப் பதிவு செய்தார் என்ற பழி விழும். ஆசிரியர்களுக்கோ இப்பிராணி வேறொரு வகையில் பயன்படும். பால் குரோமோசோம் வழியே ஒரு பண்பு இறங்குவதை உருப்பெருக்கியின் துணையின்றி மாணவர்க்குக் காட்ட, தெருவில் திரியும் பூனையைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

பூனைகளின் நிறங்கள் எத்தனை வகையினவாயினும் அவற்றின் மூலப்பொருள்கள் இரண்டே: கருநிறமி, செந்நிறமி. இரண்டும் மெலனின் என்னும் பொருளின் வகைகளாம். வெண்மை என்பது நிறமி இல்லாமையே. கருநிறமியை ஆக்கும் ஜீன் ஒன்று மாறுபட்டால் கருமை சாக்லேட் நிறமாகும்; அதே ஜீனின் வேறொரு மாறுபாட்டால் இலவங்கப்பட்டை நிறமாகும். இன்னொரு ஜீன், நிறமித் துகள்கள் ரோமத்துள் பரவும் முறையை ஆள்கின்றது. அது பழுதுற்றால் துகள்கள் ஆங்காங்கே திரண்டு நிற்க, கருமை சாம்பலாகவும் செம்மை பாலேட்டு நிறமாகவும் வெளிறித் தோன்றும். இச்சாம்பல் நிறத்தைப் பதிவேடுகளில் 'நீலம்' என்றே எழுதுவது மரபு. புதிதாகப் பதிவேட்டைப் படிப்போர் நீலப் பூனையைத் தேடி ஏமாறுதல் வேண்டா.

வெளிறச் செய்யும் இப்பண்பு ஒடுங்கு பண்பாகும். ஆகையால் கரிய பெற்றோர் இருவருக்குச் சாம்பல் குட்டி பிறந்தால் ஐயுறுவதற்கு இடமில்லை. இருவரும் அந்த ஜீனை மறைவாகக் கொண்டிருப்பின், நான்கில் ஒரு குட்டி அவ்வாறு பிறக்கலாம். ஆனால் சாம்பல் நிறப் பெற்றோர் இருவருக்குக் கருங்குட்டி பிறத்தல் கூடாது. பிறந்ததாகச் சொல்லப்பட்டால், பெற்றோரில் ஒன்றின் நிறம் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கலாம்; அல்லது வேறொரு கடுவன் உறவுகொண்டிருக்கலாம். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குத் தந்தையர் இருவர் இருத்தல் பூனைகளிடையே இயல்பு என்பதையும் மறத்தல் ஆகாது.

செந்நிறத்தின் கதை வேறு. அதனைத் தரும் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளது. ஆண் பூனைக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே. அதுவும் தாயிடமிருந்து வருவது. எனவே ஆண்குட்டி செவலையா கறுப்பா என்பதைத் தாயே முடிவு செய்கின்றது. பெண் குட்டியோ ஒன்றைத் தாயிடமும் ஒன்றைத் தந்தையிடமும் பெறுகின்றது. கரிய தாயும் செவலைத் தந்தையும் கூடினால் ஆண்குட்டிகள் அனைத்தும் கறுப்பு. பெண் குட்டிகள் அனைத்தும் கருமையும் செம்மையும் கலந்தவை. முழுச் செவலையான பெண் குட்டி பிறக்க வேண்டுமாயின் தந்தையும் செவலையாக இருத்தல் வேண்டும். தாய் செவலையாகவோ கலப்பு நிறத்ததாகவோ இருத்தல் வேண்டும். இவ்விதியொன்றை நினைவிற் கொண்டாலே பதிவேட்டின் பிழைகளிற் பலவற்றைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த ஜீன் எதுவென்பது நீண்ட நாள் புதிராகவே இருந்தது. 2025-இல் ஜப்பானியக் குழுவொன்றும் அமெரிக்கக் குழுவொன்றும் தனித்தனியே விடை கண்டன. எக்ஸ் குரோமோசோமில் ஏறத்தாழ 5,000 எழுத்துகள் நீளமுள்ள டி.என்.ஏ. பகுதியொன்று செவலைப் பூனைகளில் விடுபட்டிருக்கின்றது. அவ்விழப்பினால், நிறமி அணுக்களில் அடங்கிக் கிடக்க வேண்டிய ஏ.ஆர்.எச்.ஜி.ஏ.பி.36 என்னும் ஜீன் அங்கே விழித்துக்கொண்டு, கருநிறமிக்கு மாறாகச் செந்நிறமியை உண்டாக்குகின்றது.

கலப்பு நிறப் பெண் பூனையின் உடலில் திட்டுகள் எவ்வாறு அமைகின்றன? சுண்டெலிகளின் ரோம நிறத்தை ஆராய்ந்த மேரி லயன் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1961-இல் இதற்கு விளக்கம் தந்தார். கரு வளரத் தொடங்கும் காலத்தில், ஒவ்வோர் உயிரணுவிலும் இரு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்று தற்செயலாக அடைபட்டு விடுகின்றது. அவ்வணுவிலிருந்து பிறக்கும் அணுக்கள் யாவும் அதே நிலையைத் தொடர்கின்றன. செம்மை தரும் குரோமோசோம் திறந்திருக்கும் இடம் செந்திட்டாகும், மற்றது கருந்திட்டாகும். இதனுடன் வெண்புள்ளி ஜீனும் சேர்ந்தால் மூவர்ணப் பூனை தோன்றும். இத்தகைய பூனையொன்றின் அணுவிலிருந்து 2001 டிசம்பர் 22-ஆம் நாள் அமெரிக்காவின் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் குளோனிங் முறையில் குட்டியொன்று பிறப்பிக்கப்பட்டது. அதன் உடலில் செம்மை சிறிதும் இல்லை! எடுக்கப்பட்ட அணுவில் செம்மை தரும் எக்ஸ் அடைபட்டிருந்தது. அது மீண்டும் திறக்கவில்லை. மூவர்ண ஆண் பூனை மிக அரிதாகவே தோன்றும். பெரும்பாலும் அது எக்ஸ் இரண்டும் ஒய் ஒன்றும் கொண்டு பிறந்ததாய், மலடாக இருக்கும்.

இனி, குட்டியைக் கையிலெடுத்துப் பார்க்கும் களப் பணியாளர் கவனிக்க வேண்டியவை சில. கருங்குட்டியின் மேல் மங்கிய வரிகள் தென்படின் உடனே வரிப்பூனை என்று எழுதிவிடலாகாது. அவை பெரும்பாலும் வளர வளர மறையும். மெய்யான வரிப்பூனைக்கு மோவாயும் காதின் உட்புற ரோமமும் வெளிறியிருக்கும். செவலைக் குட்டியிலோ வரிகளைக் கொண்டு எதுவும் முடிவு செய்ய இயலாது. அவை ஏறக்குறைய எல்லாச் செவலைப் பூனைகளிலும் ஓரளவு தெரியும். சினைக்காலத்தில் தாய்க்குக் காய்ச்சல் கண்டிருந்தால் குட்டிகள் சாம்பலோ வெள்ளியோ போர்த்தாற்போல் பிறக்கலாம். இந்நிறம் பாரம்பரியமானதன்று, சில திங்களில் உதிர்ந்துவிடும். ஆதலின் ரோமத்தைப் பிளந்து அடிப்பகுதியைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதும், முதலில் பென்சிலால் குறித்துவைத்துப் பின்னர் உறுதி செய்வதும் நலம்.

ஸயாமியக் குட்டிகள் ஏறக்குறைய வெள்ளையாகவே பிறக்கின்றன. அவற்றில் நிறமியை ஆக்கும் நொதி வெப்பத்தில் செயலிழப்பது. தாயின் வயிற்றுச் சூட்டில் அது வேலை செய்வதில்லை. பிறந்தபின் குளிர்ச்சியான உறுப்புகளாகிய காது, மூக்கு, பாதம், வால் ஆகியவை சில வாரங்களில் கறுக்கின்றன. உடலின் ஓரிடத்தில் ரோமத்தை மழித்துக் குளிரில் வைத்தால் அங்கே கருரோமம் முளைப்பது 1930 வாக்கிலேயே சோதித்து அறியப்பட்டது.

முழு வெள்ளைக் குட்டிகளைப்பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். ஓங்கு பண்பாகிய இவ்வெண்மை மற்றெல்லா நிறங்களையும் மூடி மறைக்கின்றது. தலையில் சிறு நிறப்பொட்டு இருந்தால் அதனைக் குறித்துக்கொள்க. அது உள்ளே மறைந்துள்ள நிறத்தைக் காட்டுவது, நாளடைவில் மறைந்துவிடும். இவ்வகைப் பூனைகளிற் பல, குறிப்பாக நீலக் கண்ணுடையவை, செவிடாகப் பிறக்கின்றன. நிறமி அணுக்கள் உட்செவிக்கும் இன்றியமையாதவையாதலின் இக்குறை நேர்கின்றது. நீலக்கண் பூனைகளின் செவிட்டுத்தன்மையை டார்வின் 1859-இலேயே குறிப்பிட்டுள்ளார். எல்லாக் குட்டிகளின் கண்களும் முதலில் நீலமாகவே இருத்தலால், சில வாரங்கள் கழியும் முன் கண்ணைக் கொண்டு தீர்மானித்தல் இயலாது. ஸயாமியப் பூனையின் நீலக்கண் வேறு காரணத்தாலானது. அதற்குச் செவிட்டுடன் தொடர்பில்லை. வெள்ளையோடு வெள்ளையைக் கூட்டுவிப்போரிடம் இவ்வபாயத்தை எடுத்துரைத்தல் பணியாளர் கடமை.

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால், சாக்லேட், வெளிறல், ஸயாமியம் ஆகிய ஜீன்களை ஆய்வுக்கூடம் இன்று கண்டு சொல்லிவிடும். அதற்கு முன், கரிய பெண் குட்டி என எழுதப்பட்டதன் பாதங்களை விரலிடுக்கு வரை ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று. அங்கே நாலைந்து செம்மயிர் தென்பட்டாலும் அது கலப்பு நிறப் பூனையே; அதற்குச் செவலை ஆண்குட்டிகள் பிறக்கக்கூடும்.