பாட்டனார் வந்த மலைவழி

எம் பாட்டனார் பிள்ளையார்பட்டிக்காரர். பர்மாவில் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக இருந்தவர். 1942-ம் வருஷம் அவர் மலை கடந்து கால்நடையாக வீடு வந்து சேர்ந்த கதையைக் கேட்டே நாம் வளர்ந்தோம். அக்கதையில் தவறாமல் ஒரு தகரப் பெட்டி வரும். கடைப் பேரேடும் அடமானப் பத்திரங்களும் அடங்கிய அப்பெட்டியை, ஒரு தாளும் நனையாமல் கொண்டுவந்து சேர்த்தார் என்பது எம் குடும்பத்தாரின் பெருமை.

2019-ல், மணிப்பூர் எல்லையிலுள்ள மோரேயிலிருந்து பாலேல் வரை, ஏறக்குறைய நாற்பது மைல், அவர் வந்த வழியே நடந்தோம். எல்லைக்கு அப்பாலுள்ள கபாப் பள்ளத்தாக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று விட்டுவைத்தோம். 2021 பிப்ரவரியில் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பறித்துக்கொண்டது. நமது யாத்திரை பாதியோடு நின்றது.

1941 டிஸம்பர் 23-ந் தேதி ஜப்பானியர் ரங்கூனில் குண்டு வீசினர். பணமுள்ளவர்களில் அநேகர் கப்பலேறினர். ஏழைகளுக்குக் கால்களே கதி. ஏறக்குறைய நான்கு லக்ஷம் இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தனர். மலேரியாவிலும் காலராவிலும் பல்லாயிரவர் மாண்டனர். சாவு துரத்திய அவ்வழியிலும் வெள்ளையருக்கொரு பாதை, கறுப்பருக்கொரு பாதை என்று வகுத்த புண்ணியவான்களை நமது தேசம் மறக்கலாகாது. அவ்வருஷம் அலஹாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அகதிகளின் துயரத்தைப் பற்றித் தனித் தீர்மானமே செய்தது.

ஷெனாம் கணவாய் சுமார் ஐயாயிரம் அடி உயரம். தண்ணீர்ப் புட்டி ஒன்றுமாத்திரம் வைத்திருந்த நமக்கே அங்கு மூச்சு முட்டிற்று. பேனாவைத் தவிர வேறெதையும் தூக்கிப் பழகாத எம் பாட்டனாரா அந்தப் பெட்டியைச் சுமந்து இதில் ஏறினார்?

வக்கீல் புத்தி சும்மா இருக்குமா? ஊர் திரும்பியதும் பேரேட்டைப் பிரித்தோம். பிள்ளையார் சுழிக்குக் கீழே வழிச்செலவு எழுதியிருந்தது. தாமுவில், ‘பெட்டி தூக்கிய ஆளுக்கு ரூ. 3’. மறுநாள், ‘வேறு ஆளுக்கு ரூ. 5’. இரண்டுக்கும் இடையில் ‘பேதி’ என்று ஒரே சொல். கடைசியில், பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகருக்கு உடைத்த தேங்காயின் விலை தவறாமல் பதிந்திருக்கிறது. முதல் ஆளின் பெயர் இல்லை.

அத்தனை பாடுபட்டு வந்த பத்திரங்களோ, சுதந்திர பர்மா 1948-ல் நில தேசியமயச் சட்டம் இயற்றியபின் வெறுங்காகிதமாயின. அதில் நமக்கு வருத்தமில்லை. உழுத பர்மியக் குடியானவனுக்கும் ஒரு நியாயம் உண்டு.

மோரேயில் ஒரு முதியவரைச் சந்தித்திருந்தோம். 1960-களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்டு, தமிழ்நாட்டில் பிழைக்க வழியின்றி, மறுபடி பர்மாவுக்கே நடந்து போக முயன்று எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே குடியேறிய தமிழர்களில் ஒருவர். அவரைத் தொலைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னோம்.

“எந்த ஊர் ஆளுங்க ஐயா? ஊர் தெரிந்தால் இங்கே பெரியவர்களிடம் விசாரித்துப் பார்க்கிறேன்” என்றார்.

பேரேட்டை மறுபடியும் புரட்டினோம். ஊரும் எழுதப்படவில்லை.