ஏறும்போது மட்டும் ஏன் கொதிக்கிறது?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. கடந்த விடுமுறையில், ரிங்லெட் வருவதற்கு முன்பே, மாமாவின் வேனில் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

எங்கள் வீடு கோலா தெர்லாவில். அந்த டீசல் வேனில்தான் மாமா பல ஆண்டுகள் காய்கறி ஏற்றினார். ஓய்வு பெற்ற பிறகு பின்புறத்தில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி அதைக் கேம்பர் வேனாக மாற்றினார். அத்தையோடு நாட்டைச் சுற்ற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆனால் ஒரு பட்டறையில், "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், மூவாயிரம் ரிங்கிட் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். மாமா வேனை விற்றுவிட நினைத்தார். இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான், "ஒரு வாரம் பொறுங்க மாமா, நான் பார்க்கிறேன்" என்றேன்.

எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் குளிர்நீருக்குள் போகிறது. பம்பு அந்த நீரை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது; அங்கே காற்று அதைக் குளிர்விக்கிறது. இன்ஜின் சூடாகும் வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. எங்கள் ஊர் உயரத்தில் சாதாரணத் தண்ணீர் ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி தரும் கூடுதல் அழுத்தத்தில் கொதிநிலை 115 டிகிரிக்கும் மேலே போகிறது. அதனால்தான் சூடான இன்ஜினில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் சட்டென்று இறங்கினால் நீர் அந்த நொடியே கொதித்து முகத்தில் பீறிடும்.

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு சோதனையைத் தொடங்கினேன். நீர் அளவு குறையவில்லை. குழாய்களில் கசிவு இல்லை. மூடியை அழுத்தக் கருவியில் வைத்துப் பார்த்தோம், தாங்கியது. இன்ஜின் எண்ணெய் பால்போல் வெளுக்கவில்லை, ரேடியேட்டரில் குமிழி வரவில்லை, வெள்ளைப் புகையும் இல்லை. ஹெட் கேஸ்கெட் மீதான சந்தேகம் பெரிதும் தணிந்தது.

அடுத்து, தெர்மோஸ்டாட்தான் குற்றவாளி என்று உறுதியாக நம்பினேன். அதைக் கழற்றி, அம்மாவின் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, வெப்பமானியோடு அடுப்பில் வைத்தேன். "சோறாக்குற பாத்திரத்துல என்னடி வேலை?" என்று அம்மா திட்டினார். தெர்மோஸ்டாட்டில் 82 என்று பொறித்திருந்தது. ஏறக்குறைய அதே டிகிரியில் அது அழகாகத் திறந்தது. என் கணிப்பு தோற்றது.

அன்று மாலை மாமா தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "ஏறும்போதுதாம்மா சூடு. நேர் ரோட்டுல வேகமா போனா ஒன்னும் இல்ல."

இதை அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை. பம்போ அடைபட்ட ரேடியேட்டரோ காரணமாக இருந்தால், வேகமாக ஓடும்போதும் முள் ஏறும். நேர்ச்சாலையில் வேன் ஓடும் வேகமே ரேடியேட்டருக்குக் காற்றைக் கொடுக்கிறது. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போது இன்ஜினுக்குப் பளு அதிகம், எதிர்க்காற்று குறைவு. அப்போது விசிறி ஒன்றே துணை.

பழைய வேன்கள் பலவற்றில் விசிறியின் நடுவே சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய கிளட்ச் இருக்கும். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடானதும், அதன் முன்னால் உள்ள ஈருலோகச் சுருள் ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் பரவி விசிறியை இறுகப் பிடிக்கும். எண்ணெய் கசிந்து போயிருந்தால் விசிறி சுழலும், ஆனால் வலு இருக்காது.

இன்ஜினைச் சூடாக்கி நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, துணி சுற்றிய கையால் விசிறியைத் தள்ளினேன். சூட்டில் அது இறுக்கம் காட்டி உடனே நின்றிருக்க வேண்டும். இதுவோ பலமுறை தாராளமாகச் சுற்றியது. கிளட்ச்சின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்திருந்தது. மாமா ஒன்றும் பேசாமல் சிரித்தார்.

ஈப்போவில் பழைய உதிரிபாகக் கடையொன்றில் 180 ரிங்கிட்டுக்கு வேறொரு கிளட்ச் கிடைத்தது. மாற்றிய மறுநாள் தாப்பா வரை இறங்கி மீண்டும் ஏறினோம். ரிங்லெட் வளைவுகளில் விசிறி 'ஹோ'வென்று இரைந்தது. முள் பாதியைத் தாண்டவில்லை. அத்தை பின்னால் இருந்து, "தேத்தண்ணி போடவா?" என்று கேட்டார்.

எஸ்பிஎம் இயற்பியலில் வெப்பம், அழுத்தம், கொதிநிலை எல்லாம் நாம் படிப்பவைதாம். ஆனால் ஒரு பொருளை மாற்றுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பதை இந்த வேனிடம்தான் கற்றேன். கோளாறு எப்போது வருகிறது? எப்போது வருவதில்லை? அந்த இரண்டு நேரங்களுக்கும் இடையே எது மாறுகிறது? பதிலில் பாதி, வண்டியைத் தினமும் ஓட்டுபவரிடம் ஏற்கெனவே இருக்கும். அவரை முதலில் கேளுங்கள்.