ஒரு பானைக் கூழும் ஒரு வான் சனமும்: வடக்கின் ஆடி, ஆவணி ஒன்றுகூடல்கள்

ஜூலை நடுப்பகுதி தொடக்கம் ஓகஸ்ட் முடியும்வரை வடக்கில் வாடகை வாகனம் பிடிப்பது கஷ்டம். ஹயஸ் வான், சிறிய பஸ், பட்டா ரக வாகனம் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஆள் சொல்லி வைத்திருக்கும். வன்னிக் கிராமங்களில் வான் கிடைக்காத குடும்பங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் பாயை விரித்துக்கொண்டு புறப்படும். கீரிமலை, கசூரினா, சாட்டி, நயினாதீவு, முறிகண்டி, மடு, கொஞ்சம் வசதியிருந்தால் நிலாவெளி. ‘எங்கட சனம் நல்லாத்தான் சுத்துது’ என்று இதைப் பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. போர் முடிந்த மண்ணில் இவ்வளவு கொண்டாட்டம் தேவையா என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், இந்தப் பயணங்கள் ஏன் இந்த மாதங்களில் நடக்கின்றன, அவற்றில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலாவது காரணம் காற்று. வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் வடகரைக் கடல் கொந்தளிக்கும். சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்கிலிருந்து வரும் காற்றைத் தரை மறைப்பதால் காங்கேசன்துறை, காரைநகர்ப் பக்கத்துக் கடல் அடங்கியிருக்கும். திருகோணமலை தொடக்கம் பாசிக்குடா வரையிலான கிழக்குக் கரைக்கும் இதுவே நல்ல காலம். இதே மாதங்களில் காலி, ஹிக்கடுவைப் பக்கம் கடல் கொந்தளிப்பதால் தெற்கிலிருந்தும் சனம் வடக்கு, கிழக்குக் கரைகளுக்கு வருகிறது.

இரண்டாவது காரணம் கோயில். ஆனியில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழா. குறிகட்டுவான் துறையில் படகுக்கு வரிசை நிற்கும். ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறி 25 நாட்கள் திருவிழா. ஓகஸ்ட் 15 இல் மடு மாதா திருநாள். இவற்றோடு பாடசாலை விடுமுறையும் சேர்ந்துகொள்கிறது. மூன்றாவது காரணம் நமது கையில் இல்லாதது: கனடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளிக்கூடங்கள் பூட்டுவதும் இந்த மாதங்களில்தான். ஆகவே ஒரு குடும்பத்தின் கிளைகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கக்கூடிய காலம் வருடத்தில் இந்த ஆறேழு கிழமை மட்டுமே.

கூடுகிற சனத்துக்குச் சாப்பாடு வேண்டும். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் வீட்டுச் சமையல். அது பயறும் பனங்கட்டியும் சேர்ந்த இனிப்புக் கூழ். வெளியில் கூடும்போது காய்ச்சுவது ஒடியற்கூழ். ஒடியல் மாவை ஊறவைத்து, கசப்பு நீரை வடித்து, நண்டு, இறால், முள் குறைந்த மீன், மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை என்று கிடைப்பதைப் போட்டு, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்துவிடுவார்கள். இதில் ஒரு வசதி இருக்கிறது. சோறும் கறியும் என்றால் ஆள்கணக்குப் பார்த்துச் சமைக்க வேண்டும். கூழுக்கு இன்னும் நாலு பேர் வந்தால் இன்னும் கொஞ்சம் மாவும் தண்ணீரும் போதும். ஒருவர் நண்டு கொண்டுவருவார், ஒருவர் விறகு, ஒருவர் பானை. கையில் காசில்லாத வீடு முருங்கையிலையோடு வந்தாலும் பங்குதான். ஓலையில் கோலிய பிளாவில் குடித்த காலம் போய் இப்போது பிளாஸ்ரிக் கோப்பை வந்துவிட்டது (கூழின் சூட்டுக்கு அது வளைந்து கையைச் சுடும் என்பது வேறு கதை). ஆனால் பானையைச் சுற்றி இருக்கும் முறை மாறவில்லை. பெரிய ஆண்கள் காய்ச்சுவதும் பெண்கள் ஒருநாளாவது அடுப்பை விட்டு இருப்பதும் பல குடும்பங்களில் இந்த ஒரு நாளில் மட்டும் நடக்கிற அதிசயம்.

ஆடி அமாவாசை வேறு விதமான ஒன்றுகூடல். தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து தீர்த்தமாடும் நாள் அது. தாயை இழந்தவர்களுக்குச் சித்திராப் பௌர்ணமி. யாழ்ப்பாணத்தவர்களுக்குத் தீர்த்தம் என்றால் கீரிமலை. கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் கேணி, அருகில் நகுலேஸ்வரம். கிரியை முடித்து, கேணியில் பிள்ளைகளைக் குளிக்கவிட்டு, வீடு திரும்பிக் காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச் சாப்பாடு. துக்கமும் உலாத்தலும் கலந்த நாள் என்றுதான் சொல்ல வேண்டும். சகோதரங்கள் எல்லோரும் கூடுவதால் காணி, கலியாணம், கடன் எல்லாம் அன்றைக்குத்தான் பேசப்படும்.

இந்த நாளில் வான் ஏறாத வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. தகப்பன் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போவதா இல்லையா? போனால் அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். போகாவிட்டால், ஒருவேளை அவர் உயிரோடு இல்லையென்றால், கடமை செய்யாத பிள்ளையாகிவிடும். 2016 இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஆள் இல்லாமையை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றை அரசாங்கம் கொண்டுவந்தது. வங்கிக்கும் காணிக் கந்தோருக்கும் அது உதவலாம். எள்ளும் தண்ணீரும் இறைப்பதா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் தொடர் போராட்டத்தில் இருந்த தாய்மாரில் பலர் விடை தெரியாமலே இறந்தும் போய்விட்டார்கள். உறவினரின் கூழ் ஒன்றுகூடலுக்கு அப்படியொரு தாய் வர மறுத்தால் அதற்குக் காரணம் பிடிவாதம் அல்ல. எல்லோரும் சேர்ந்து படம் எடுக்கும் இடத்தில் யார் இல்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

இன்றைய பயணங்களின் பெறுமதி தெரிய, போக முடியாதிருந்த காலத்தை நினைக்க வேண்டும். 1990 ஜூனில் யாழ்தேவி நின்றது. அதே ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலிக் கரைகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. நகுலேஸ்வரம் அந்த ஆண்டிலேயே விமானக் குண்டுவீச்சுக்கு இலக்கானது. ஏ-9 வீதி 2002 ஏப்ரலில் திறந்து 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. இடையில் கிடைத்த அந்த நாலு வருடத்தில் முகமாலையில் மணிக்கணக்கில் இறங்கி ஏறிப் பார்த்த சொந்தங்களைத்தான் பல குடும்பங்கள் கடைசியாகப் பார்த்தன. கடலோ தடைசெய்யப்பட்ட இடம், முகாம் இருக்கும் இடம், 2004 மார்கழி 26 க்குப் பிறகு ஆட்களைக் கொண்டுபோன இடம். 2009 இல் முல்லைத்தீவுக் கரையில் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. கடலுக்குப் பத்துக் கிலோமீற்றருக்குள் பிறந்து, கடலில் கால் நனைக்காமல் இருபது வயதான ஒரு தலைமுறை இங்கே இருந்தது. அவர்கள்தான் இன்று கசூரினாவில் இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய் தகப்பன்மார்.

போர் முடிந்த பிறகு வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்து, பூநகரியூடாகப் போகும் வழி சுருங்கியது. 2014 ஒக்ரோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது, 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் போனது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் 27 வருடங்களுக்குப் பிறகு மக்களிடம் வந்தது.

இப்படிக் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டபோது புதுவிதமான ஒன்றுகூடல் ஒன்றும் தோன்றியது. அதற்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை. விடுபட்ட காணியைப் பார்ப்பதற்குக் குடும்பமாகப் போவது. சோற்றுப் பொதி, தண்ணீர்ப் போத்தல், கத்தி, மண்வெட்டி. பற்றையை வெட்டி, எது வாசல் எது அடுக்களை என்று பெரியவர்கள் காட்டுவார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். கூரையும் கதவு நிலையும் போயிருக்கும், மாமரம் நிற்கும், அல்லது அடிக்கட்டையாவது நிற்கும். முகாமில் பிறந்த பிள்ளைக்கு அது ஒரு காடு. அம்மம்மாவுக்கு அது சாமி அறை. பிறகு மர நிழலில் இருந்து பொதியை அவிழ்த்துச் சாப்பிடுவார்கள். இதைச் சுற்றுலா என்று சொல்ல முடியாது, ஆனால் பிள்ளைகள் அப்படித்தான் நினைவில் வைத்திருப்பார்கள். கடற்படையின் பிடியில் இருந்த இரணைதீவுக்கு அதன் மக்கள் ஒரு வருடத்துக்குக் கிட்டப் போராடிப் பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23 இல் படகுகளில் தாங்களாகவே போய் இறங்கினார்கள். அந்தப் படகுகளிலும் பெரியவர்கள் காட்டுவதற்கென்று ஊர் இருந்தது.

எல்லாக் கரையும் திறந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் ‘தல்செவன’ என்ற விடுதியை நடத்துகிறது. காசு கொடுத்தால் அறை எடுக்கலாம், கடலைப் பார்த்தபடி சாப்பிடலாம். கீரிமலைப் பக்கத்தில் முன்னைய ஆட்சியொன்றில் ஜனாதிபதி மாளிகை ஒன்று எழுந்தது. சுற்றுலாப் பயணியாக வருபவர் தங்கக்கூடிய கரைக்கு அண்மையில், உறுதி வைத்திருப்பவர் கம்பி வேலிக்கு வெளியே நின்று தன் காணியைச் சுட்டிக்காட்டும் நிலை இன்னும் தீரவில்லை. விடுமுறைப் பயணம் அரசியலற்ற விடயம் என்று நினைப்பவர்கள் வடகரை வீதியில் ஒருதரம் போய்வந்தால் போதும். எந்த இடத்தில் வான் திரும்ப வேண்டியிருக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

வெளிநாட்டில் இருந்து வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வான் வாடகை, நண்டு, ஐஸ்கிரீம் எல்லாம் பெரும்பாலும் அவர்கள் செலவு. 2022 இல் எரிபொருளுக்குப் பங்கீடு வந்த பிறகு ஏறிய வாடகை இறங்கவே இல்லை, ஆகவே அவர்கள் வராத வருடத்தில் பல வீடுகளுக்குப் பயணமும் இல்லை. இதில் இரண்டு பக்கமும் சங்கடம் இருக்கிறது. அங்கே இரண்டு வேலை செய்து, கடன் அட்டையில் பயணச்சீட்டு எடுத்து வந்தவரின் கஷ்டம் இங்கே தெரிவதில்லை. அவர் வருகிறார் என்று கடன்பட்டு மலசலகூடத்துக்கு மாபிள் பதித்த வீட்டின் கஷ்டம் அவருக்குத் தெரிவதில்லை. ஒரே நாளில் ஆறு இடம் காட்டிக் களைக்க வைப்பதைவிட, ஒரு கரையில் முழுநாளும் இருந்து கூழ் காய்ச்சுவது செலவும் குறைவு, கதைக்கவும் நேரம் கிடைக்கும். தமிழ் தடுமாறும் பிள்ளையும் ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையும் ஒரு பந்தை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலத்தில் சேர்ந்துவிடுவார்கள். மேசையில் எதிரெதிரே இருத்தினால் அது நடக்காது.

வன்னிப் பயணங்களுக்கு முறிகண்டி இல்லாமல் முடியாது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, அதன் கோதை வான் முழுக்கக் கொட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். மடுவுக்குப் போகிறவர்களோ ஒருநாளில் திரும்புவதில்லை. ஆவணித் திருநாளுக்குக் கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, பல நாட்கள் காட்டு மரங்களுக்குக் கீழே இருப்பார்கள். தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் அல்லாதவரும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரங்களில் உப்பும் தேயிலையும் மாறிக்கொள்வார்கள். 1999 நவம்பரில் அதே வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் ஷெல்வீச்சில் பலியானார்கள். 2008 இல் மாதாவின் திருச்சொரூபமே இடம்பெயர்ந்தது. அதை அறிந்தவர்களும் அறியாதவர்களும் ஒரே வரிசையில் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. கசூரினாவில் நெடுந்தூரம் ஆழம் குறைவு என்பதால் பழகியவர்கள், முல்லைத்தீவுக் கரையையும் அப்படியே நினைக்கக் கூடாது. அது திறந்த கடல், அலையின் இழுவை கூடியது. நீந்தப் பழகாத தலைமுறை தன் பிள்ளைகளையும் நீந்தப் பழக்கவில்லை. குடித்துவிட்டுக் கடலில் இறங்கும் இளைஞர் கூட்டத்தை எந்தக் கரையிலும் காணலாம். இறங்க முன் அங்குள்ள கடற்றொழிலாளர் ஒருவரிடம் கேட்டால் எங்கே குழி, எங்கே இழுவை என்று சொல்லுவார். கேட்பதற்குக் காசில்லை. பிள்ளைகள் தண்ணீரில் நிற்கும்போது பெரியவர் ஒருவர் கைபேசியைப் பையில் வைத்துவிட்டு அவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெண்களைப் பற்றி உள்ளூராட்சி சபைகளிடம் கேட்க ஒன்று இருக்கிறது. வாகனத் தரிப்பிடத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதத் தெரிந்த சபைகளுக்கு, பூட்டுள்ள உடைமாற்றும் அறையும் தண்ணீர் வரும் மலசலகூடமும் கட்டிப் பராமரிக்க ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது? அவை இல்லாத கரைகளில் கூழ் முடிந்ததும் ஆண்கள் கடலில் இறங்குகிறார்கள். பெண்கள் காலை மட்டும் நனைத்துக்கொண்டு, மற்றவர்களின் செருப்புகளுக்கும் கைப்பைகளுக்கும் காவல் இருக்கிறார்கள்.