பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை: கீழாநெல்லி கைகொடுக்குமா?

மடுகரை–

பிறந்து மூன்றாம் நாள் குழந்தையின் கண்ணும் உடம்பும் மஞ்சள் பூத்தால், "வரப்புல கீழாநெல்லி கெடக்கு. அரைச்சு ஒரு சொட்டு நாக்குல தடவு, சரியாப் போயிடும்" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு.

அப்படித் தடவலாமா? கூடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பதுதான் டாக்டர்களின் அறிவுரை.

இது வேறு காமாலை

பெரியவர்களுக்குக் காமாலை பெரும்பாலும் ஈரலில் வரும் கோளாறு. பச்சைக் குழந்தை கதை வேறு. பிறந்ததும் ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் வேகமாக உடைகின்றன. அதில் வரும் மஞ்சள் பொருளை வெளியேற்றப் பிஞ்சு ஈரலுக்குப் பலம் போதாது.

நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 60 குழந்தைகளுக்கு இது வருகிறது. பெரும்பாலும் தானே மறையும். அதனால்தான் எதைக் கொடுத்தாலும் 'மருந்து கேட்டது' போலத் தெரிகிறது!

ஆனால் மஞ்சள் அளவு மீறினால் மூளையைத் தாக்கும். காது கேட்காமல் போகலாம், கைகால் முடங்கலாம், உயிரே போகலாம்.

சென்னையில் சோதனை

கீழாநெல்லிக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. சென்னையில் டாக்டர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் மஞ்சள் காமாலை 'பி' கிருமி உள்ளவர்களுக்கு இதைக் கொடுத்தனர். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக 1988-ல் அறிவித்தனர். பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அது பச்சைக் குழந்தைக்கான சோதனையும் அல்ல.

சிங்கப்பூரில் தடை

சீன மூலிகை ஒன்றில் உள்ள 'பெர்பரின்' என்ற பொருள், பிறந்த குழந்தைகளின் காமாலையை முற்ற வைக்கிறது என்ற சந்தேகத்தில் 1978-ல் சிங்கப்பூர் அரசு அதைத் தடை செய்தது. 2013 முதல்தான் தடை தளர்ந்தது. நம்மூர் மரமஞ்சளிலும் அதே பெர்பரின் இருக்கிறது.

சீனாவில் மூலிகைக் கஷாயத்தை ஒளி சிகிச்சையுடன் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மஞ்சள் சீக்கிரம் இறங்குவதாகச் சொன்னாலும், அந்தச் சோதனைகளின் தரம் போதாது என்கிறார்கள் நிபுணர்கள். அங்கேயும் அது துணை மருந்துதான்.

ஒளியே மருந்து

1956-ல் இங்கிலாந்தின் ரோச்போர்டு ஆஸ்பத்திரியில், வெயில் பட்ட இடத்தில் மட்டும் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருந்ததை நர்ஸ் ஒருவர் கவனித்தார். அதில் இருந்து பிறந்ததுதான் இன்றைய நீல விளக்கு சிகிச்சை. ஒளி பட்டதும் மஞ்சள் பொருள் உருமாறி, மலம், சிறுநீர் வழியே வெளியேறும். வாசல் வெயிலில் காட்டுவது இதற்கு ஈடாகாது.

மடுகரைக்காரர்களுக்கு இந்தச் சிகிச்சை புதுவை ஜிப்மரிலும், ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையிலும் கிடைக்கிறது.

தாய்மார்களே, உஷார்!

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், இரண்டு வாரம் ஆகியும் மஞ்சள் போகாவிட்டால், மலம் சுண்ணாம்பு போல வெளுத்தால், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஏற்கனவே மூலிகை ஏதாவது புகட்டி இருந்தால், திட்டுவார்களோ என்று பயந்து மறைக்காமல் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.