தாத்தா காலத்து கார் வீட்ல இருக்கா? இன்ஜினை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்க. மஞ்சள் சுவர் ஓரமா ஒரு பழைய அம்பாசிடர் நின்னா போதும், செல்ஃபி எடுக்க நாலு பேர் வந்துடுவாங்க. ஆனா அதே கார் நம்ம வீட்டு ஷெட்டில் தூசி படிஞ்சு கிடந்தா? "15 வருஷம் தாண்டிடுச்சு, இரும்பு விலைக்குப் போட்டுடலாம்" என்பதுதான் பலரின் முடிவு. கொஞ்சம் பொறுங்க.

15 வருஷம் ஆனா உடைச்சே ஆகணுமா?

இல்லை. அந்தக் கெடுபிடி டெல்லி வட்டாரத்துக்கானது. புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் சொந்த உபயோகக் கார், எஃப்சி சோதனையில் தேறினால் 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்சியைப் புதுப்பிக்கலாம். ஆனா கட்டணம் எகிறிடுச்சு. 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி, 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கார் என்றால் 80,000 ரூபாய்!

விண்டேஜ் கார்னா என்ன?

2021 ஜூலையில் மத்திய அரசு இதற்குத் தனி விதி கொண்டு வந்தது. முக்கியமான அம்சங்கள்:

* முதல் பதிவு தேதியிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். டூ வீலருக்கும் இது பொருந்தும்.
* புதிய விண்டேஜ் பதிவுக்கு 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய்.
* நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின்னால் 'விஏ' வரும். புதுச்சேரி என்றால் 'பிஒய் விஏ'. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம்.
* கண்காட்சி, விண்டேஜ் பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு மட்டுமே ரோட்டில் ஓட்டலாம்.

தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கல்யாண ஊர்வலத்துக்கோ, டூரிஸ்ட்டைச் சுத்திக் காட்டவோ வாடகைக்கு விடவும் கூடாது. புதுச்சேரிக்காரங்க இதை முக்கியமா கவனிக்கணும்.

எங்கே மாட்டிக்குறோம்?

இன்ஜினில்தான். டீசல் விலை குறைவா இருந்த காலத்தில் நிறைய அம்பாசிடர்களில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிட்டு டீசல் இன்ஜின் வச்சாங்க. அன்னைக்கு அது புத்திசாலித்தனம். ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டியை விண்டேஜ் விதி ஏத்துக்காது. வண்டிக்கு வயசு 60 ஆனாலும் சரி!

அதனால, "புது இன்ஜின் போட்டுடலாம் சார், ஜம்முனு ஓடும்" என்று மெக்கானிக் சொன்னா உடனே தலையாட்டாதீங்க. ஏற்கெனவே மாத்தியிருந்தா, கழற்றிய பழைய இன்ஜின் எங்கேயாவது கிடக்குதான்னு முதலில் தேடுங்க.

எந்தக் காரைக் காப்பாத்தணும்?

ரோல்ஸ் ராய்ஸ், பென்ஸை எல்லாம் பணக்காரங்க பார்த்துப்பாங்க. நடுத்தரக் குடும்பங்கள் ஓட்டிய கார்கள்தான் சத்தமில்லாம அழியுது. என்னைக் கேட்டா, முதல் இடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத்தான். சென்னை அருகே வண்டலூரில் தயாரான கார். வடிவமைச்சவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கலோட்டி. முன்பக்கம் பானெட்டோடு மட்கார்டும் சேர்ந்து அப்படியே முன்னால் சாயும், சக்கரத்தில் உட்கார்ந்துக்கிட்டே ரிப்பேர் பார்க்கலாம்! மிகச் சின்ன வட்டத்தில் திரும்பும் என்பதால், ஒயிட் டவுன் மாதிரி குறுகலான தெருக்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். கம்பெனி எப்பவோ மூடியாச்சு. உதிரிபாகத்துக்கு அலையணும்தான், ஆனா இனி இன்னொரு ஹெரால்டு பிறக்கப் போவதில்லை.

அடுத்து பிரெஞ்சு கார்கள். உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு போனாலும் ஒன்று கூட உடையக் கூடாது என்ற நிபந்தனையோடு உருவானது சிட்ரோயன் 2சிவி. 1948-ல் பாரிஸில் அறிமுகமானது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் முடிந்தது 1954 நவம்பர் 1-ல். அந்தக் காலத்து இறக்குமதி கார் யாரிடமாவது இருந்தா, 5 வருஷத்துக்கு 80,000 கட்டுவதா, 10 வருஷத்துக்கு 20,000 கட்டுவதா என்று கணக்குப் போட்டுக்கலாம். எப்போதாவது பேரணிக்கு மட்டும் எடுப்பவருக்கு விண்டேஜ் பதிவே லாபம்.

நம்ம அம்பாசிடருக்கும் ஒரு பிரெஞ்சு சொந்தம் உண்டு. 2014-ல் உற்பத்தி நின்ற பிறகு, 2017-ல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரான்ஸின் பெஜோ குழுமம்.

இப்போ என்ன செய்யலாம்?

ஆர்சியைத் தேடி எடுங்க. முதல் பதிவு தேதியைப் பாருங்க. இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் ஆர்சியோடு ஒத்துப்போகுதா என்று சரிபாருங்க. எல்லாம் சரியா இருந்தும் 50 வருஷத்துக்குக் கொஞ்சம் குறையுதா? 1980 அம்பாசிடர் என்றால் 2030-ல் தகுதி வந்துடும். அதுவரை மழை படாம மூடி வையுங்க. எடைக்குப் போட்ட காரைத் திரும்ப வாங்க முடியாது.