ஆம்பூர் வெயிலில் ஹைட்ரஜன் மின்சாரம்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைத் தெளியவைக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தடையில்லாத மின்சாரம் தேவை. கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர்தான் துணை. அந்த இடத்தில் எரிபொருள் மின்கலத்தை வைக்கலாம். ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் எரிக்காமல் சேர்த்து மின்சாரம் தரும் கருவி அது. கழிவுப் பொருளாக வருவது நீர் மட்டுமே. சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் ஏ.ஆர்.சி.ஐ. ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இந்தத் துறையில் உழைத்துவருகிறது.

ஒரு கலம் தருவது ஏறக்குறைய 0.7 வோல்ட். அதனால் பல கலங்களைத் தொடராக அடுக்குகிறார்கள். ஒன்று நலிந்தாலும் முழு அடுக்கும் பாதிக்கப்படும்.

கலத்தின் நடுவிலுள்ள பாலிமர் சவ்வுக்கு ஈரம் அளவோடு இருக்க வேண்டும். பதனிட்ட தோலைப் போல, காய்ந்தால் அதுவும் விரிசல் விடும். நீர் மிகுந்தாலோ காற்றுவழி அடைபடும். இரண்டிலும் மின்னழுத்தம் குறையும். எது நேர்ந்தது என்று அறிய ஈரப்பத உணரிகள் வேண்டும். அவை விலை கூடியவை, நீர் படிந்தால் பிழையாகக் காட்டுபவை. ஆனால் மலிவான வழி உண்டு. காற்றுவழியில் அழுத்த இழப்பு ஏறினால் நீர்த்தேக்கம். ஏறாமலே மின்தடை கூடினால் வறட்சி. எளிய அளவீடுகளிலிருந்து உள்நிலையைக் கணிக்கும் மென்பொருள்தான் விலையைக் குறைக்கும்.

சுத்திகரிப்பு நிலையத்தின் பம்பு திடீரென ஓடத் தொடங்கும்போது இன்னொரு சிக்கல். மின்தேவை நொடியில் எகிறும். காற்றூதி வேகம் பிடிக்கச் சற்று நேரமாகும். அந்த இடைவெளியில் கலம் ஆக்சிஜனின்றித் தவிக்கும். ஹைட்ரஜன் போதாவிட்டால் மின்முனையின் கரி அரிக்கப்படும், அது மீளாச் சேதம். ஆகவே முதல் சுமையை ஒரு சிறிய பேட்டரி ஏற்க வேண்டும்.

இந்தப் பகுதிக்கே உரிய சோதனைகள் இரண்டு. அடுக்கின் வெப்பம் சுமார் 70 டிகிரி. கோடையில் காற்றே 40 டிகிரியைத் தாண்டுகிறது. வெப்ப வேறுபாடு சுருங்குவதால் ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். அடுத்தது ஹைட்ரஜன் சல்ஃபைடு. முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்ஃபைடு கலந்த கழிவு அமிலத்தோடு சேரும்போது எழும் இந்த வாயு, மிகக் குறைந்த அளவிலேயே பிளாட்டின வினையூக்கியை முடக்கும். உள்ளே வரும் காற்றை வடிகட்டி, மின்னழுத்தம் தேய்வதைக் கண்காணித்து வடிகட்டியை மாற்ற வேண்டும்.

எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி வெப்பமாகவே போகிறது. தோலுக்குச் சாயமேற்றும் டிரம்களுக்கு 50, 60 டிகிரி வெந்நீர் தேவை. ஜப்பானில் 2009 முதல் வீட்டு எரிபொருள் மின்கலங்களின் வெப்பத்தில் வெந்நீர் எடுக்கிறார்கள். இங்கும் அதைச் செய்தால் ரேடியேட்டரின் பாரம் குறையும். கொதிகலனின் எரிபொருளும் மிச்சமாகும். இந்த வெயிலையும் காற்றையும் வெந்நீர்த் தேவையையும் கணக்கில் கொண்டு நம் பொறியாளர்கள் வடிவமைக்கும் கட்டுப்பாட்டு முறைதான், இந்தக் கருவியை இங்கே நீடித்து உழைக்கவைக்கும்.